லைன்ஸ்மேன் எறியாத கல்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: என் தொடைத் தசை கிழிந்தபோது நான் சண்டைக்குப் போனது லைன்ஸ்மேனிடம்.

திண்டிவனத்தில் ஃபுட்பால் மேட்ச். பந்தைத் துரத்தி வலது ஓரமாகப் பாய்ந்தேன். தொடைக்குப் பின்னால் 'டப்' என்று ஓர் அடி. "யோவ், யாருய்யா கல்லால அட்ச்சது?" என்று திரும்பிக் கத்தினேன். எல்லைக்கோட்டில் கொடியோடு லைன்ஸ்மேன் ஒருவர்தான் அங்கே நின்றிருந்தார். சண்டைக்கு ஒரு கால் எடுத்து வைத்தவன் அவர் காலடியிலேயே விழுந்தேன்.

கல்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்பக்கத் தசை) பாதி கிழிந்திருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "ஃபுட்பாலை மறந்துடு தம்பி" என்றார். எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டு வரை பஸ்ஸில் அப்பாவும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கோ அடுத்த டோர்னமென்டின் நினைப்பு. அதற்குள் திரும்பாவிட்டால் என் இடமான ரைட் விங்கில் (வலது ஓரம்) வேறு ஆள் என்று கோச் சொல்லியிருந்தார்.

வலி குறைந்ததும் கால் இறுகிக் கிடப்பதுபோல் இருந்தது. இறுகினால் இழுக்க வேண்டியதுதானே? குதிகாலை அப்பாவின் பைக் சீட்டில் தூக்கி வைத்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை தினமும் இழுத்தேன்.

"மல்லாட்டை புடுங்க குனியமாட்டான், கால மட்டும் வானத்துக்குத் தூக்கறான் பாரு" என்றார் வேர்க்கடலைக் கொல்லைக்குக் கிளம்பிய அம்மா.

ஒரு நாள் அதே இடத்தில் சுரீரென்றது. மறுபடியும் நொண்டி.

விழுப்புரத்தில் பிசியோதெரபி (பயிற்சிகளால் தரும் சிகிச்சை) மேடம் என் வீரக்கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கிழிஞ்ச துணிய தெனம் இழுத்தா ஒட்டிக்குமா? சரி, மேட்ச்சுல என்ன பண்ணுவ?"

"ஓடுவேங்க. சட்டுனு நிப்பேன், திரும்புவேன், ஓரத்துலேர்ந்து கோலுக்கு முன்னாடி கிராஸ் போடுவேன்."

"பிராக்டிஸ்ல?"

"மயிலம் ரோட்ல நேரா ஓடுவேன். மேட்ச்சுக்கு முன்னாடி உக்காந்துக்கினு நல்லா கால இழுப்பேன்."

"அப்போ சட்டுனு நிக்கறதுக்கு எப்பத்தான் பழகுன?"

கால் விரித்து உட்காருவதை வீடியோ எடுத்துப் போட்டு ஊரில் பெயர் வாங்கியவனுக்கு நிற்கத் தெரியவில்லை.

இதே வலியோடு வாசிப்பவர்களே, தசையை நீட்டுவது கெட்டதல்ல. அதுவே போதும் என்று நம்பியதுதான் என் கோளாறு. தசைக்குப் பலமும் வேண்டும். மேடம் சொல்லித்தந்த பயிற்சி இது: முட்டி போட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். பிடித்தவர், ஃபுட்பாலை மறக்கச் சொன்ன அதே அப்பா. நான் ஒவ்வொரு முறையும் மூக்கு தரையில் படச் சரிவேன்.

"எந்த சாமிக்குடா இந்த வேண்டுதல்?"

"ரைட் விங் சாமிக்குப்பா. கெட்டியா புடி."

பிடித்தார். பிறகு பந்தோடு ஓட்டம், பாதியில் நிற்பது, திரும்புவது. வேகம் கொஞ்சம் கொஞ்சமாக.

டோர்னமென்டுக்குப் போனேன். மறக்கச் சொன்னவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. மேடத்திடம் மட்டும் கேட்டேன். இரண்டாம் பாதியில் கோச் இறக்கினார். அதே ஓரம், அதே லைன்ஸ்மேன். பாய்ந்தேன். நின்றேன். தடுக்க வந்தவன் நிற்க முடியாமல் என்னைத் தாண்டிப் போனான். கிராஸ் போட்டேன். யாரும் கல் எறியவில்லை.

முன்பெல்லாம் எனக்குக் கால் இருப்பதே ஞாபகம் வராது. இப்போது எழுந்ததும் அதைத்தான் நலம் விசாரிக்கிறேன். ஓட்டத்துக்கும் நிற்பதற்கும் நடுவில் உள்ள ஒரு நொடி எவ்வளவு பெரியது என்பதும் தெரிகிறது.

மைதானத்திலிருந்தே மேடத்துக்கு போன் போட்டேன்.

"மேடம், பழைய மாதிரியே ஓடினேங்க!"

"பழைய மாதிரி ஓடித்தான் எங்கிட்ட வந்த."