வெட்டி எறிந்த இடைவெளி

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இதில் வருகிற ஆளும் சிரித்தவன்தான்.

அலுவலகத்தில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். செல்போன் கோபுரத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் பொதுவாக, கைபேசிக்கு ஒரே சிக்னல் வடிவம் தயாரிப்பது அவன் வேலை. எதைக் கொடுத்தாலும் நறுக்கித் தள்ளிவிட்டு, வேகம் கூடிவிட்டது என்று பீற்றிக்கொள்வான். மற்ற எல்லோர் மண்டையிலும் களிமண்தான் என்பது அவன் முடிவு.

அக்காவின் கணவருக்கும் அதே படிப்பு, அதே வேலை. ஒவ்வொரு சிக்னலுக்குப் பின்னும் அவர் சிறிய மௌன இடைவெளி விட்டிருந்தார்.

"கோபுரம் பக்கத்துல இருக்கு, சட்டுனு கேக்கும். வானத்துக்குப் போறது லேட்டாத்தான் போய்ச் சேரும். அந்த இடைவெளிய வெட்டாத, மாப்ள."

"நீங்க மாட்டுவண்டி ஓட்டப் போங்க, அத்தான்," என்றான் கத்தரி. அவர் சோதனைக் கைபேசியோடு படகேறிய அன்று காலை, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதிலிருந்த இடைவெளியை வெட்டி எறிந்தான். கோபுரமே எட்டாத கடல் அது; செயற்கைக்கோள்தான் ஒரே வழி.

மதியம் அக்கா கூப்பிட்டாள். "காலையிலேர்ந்து அவர் பேசலடா. பயமா இருக்கு."

"கடல்ல காத்து வாங்குறார். என்னை வேலை பாக்க விடு."

போனை வெளியே வைத்துவிட்டு இரும்பு அறைக்குள் போனான். வெளி சிக்னல் துளியும் நுழையாதபடி கட்டிய சோதனை அறை. கதவைச் சாத்தினான்.

திரையில் ஏதோ நெளிந்தது. அவன் வெட்டிய இடத்தில், ஒரு சின்ன அலை.

"எவனோ மடையன் கதவைச் சரியா மூடல," என்று முணுமுணுத்தான். மூடியவன் அவனேதான்.

ஆன்டெனாவைப் பிடுங்கினான். அலை போகவில்லை. கருவி தூரம் காட்டியது. நாற்பது கிலோமீட்டர். அத்தான் போன கடல்.

முப்பது...

பதினைந்து...

டிக். டிக். ஸ்பீக்கரில் சத்தம். நடுவில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

கத்தரி, வெட்டிய இடைவெளியைத் திரும்ப வைத்தான்.

சத்தம் தெளிந்தது.

"இப்ப கேக்குதா, மாப்ள?"

தூரம் இரண்டு கிலோமீட்டரில் நின்றது. அக்கா வீடு அவ்வளவு தூரம்தான்.

வெளியே ஓடிவந்து கடல் மீட்புப் படையை அழைத்தான். படகு காலையிலேயே கவிழ்ந்துவிட்டதாம். உடலை அப்போதே எடுத்துவிட்டார்களாம். யார் என்று தெரியாமல் வைத்திருந்தார்களாம். கையில் ஒரு கைபேசி. உதவி கேட்டு அதிலிருந்து அறுபது முறை அழைத்திருக்கிறார். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது? இருந்தும் அழைத்தான்.

"அக்கா... அத்தான்..."

"அவர் வந்துட்டாருடா." அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "தொப்பலா நனைஞ்சு வந்து நிக்கிறார். உக்காரக்கூட மாட்டேங்கிறார். நீ எந்த ரூம்ல இருக்கன்னுதான் கேட்டுட்டே இருக்கார். சொல்லட்டுமா?"