பதினேழு வயது வழுக்கை

பத்தாம் வகுப்பு படிக்கையில் நான் ஏர்ஹோஸ்டஸாக இருந்தேன். மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரின் மூன்றாவது கேபினுக்குள் இருக்கும் வரைக்கும்தான் அந்த வேலை. வெளியே வந்தால் எண்ணெய் வழியும் ரெட்டைச்சடை, கணக்கில் முப்பத்தெட்டு மார்க்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. "புராஜெக்ட்டுக்கு நெட் பாக்கணும்" என்றால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. சாட் ரூமுக்குள் போனதும் வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று கேட்பார்கள். மூன்றுக்கும் பொய் சொல்வேன். சில நாள் ஆணாகக்கூட இருந்திருக்கிறேன்.

அங்கேதான் அவன் வந்தான். பதினேழு வயது, திருச்சி, கிதார் வாசிப்பானாம். நான் அடிப்பது முழுக்கப் புளுகு என்று தெரிந்த எனக்கு, அவனும் புளுகலாம் என்று தோன்றவே இல்லை. அவ்வளவு அறிவு.

மூன்று வாரம் ஆனது. ஒருநாள் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தேன். அவன் ஆறுதலாக நாலு வரி எழுதினான். உருகிப்போய் நிஜ வயதையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமை ஸ்கூல் விடுறப்ப கேட்டுக்கு வாரேன்" என்று எழுதினான். அடுத்த வரி: "வீட்ல சொல்லாத. சொன்னா நீ பேசுனதெல்லாம் பிரிண்ட் எடுத்து உங்க ஸ்கூலுக்கு அனுப்புவேன்."



இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த அம்மாவுக்கு எழுத்துப் பிழையும் என் மூஞ்சியும் தப்பாது.

"மூணாவது தோசை வேணாங்கிறவ என் மகளே இல்ல. என்னடி ஆச்சு?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். முதுகில் ஒன்று விழுந்தது.

"இது பொய் சொன்னதுக்கு. இப்ப வந்து சொன்ன பாரு, அதுக்கு இல்ல. வெள்ளிக்கிழமை நான் லீவு போடுறேன்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் அம்மாவும், அம்மா முன்கூட்டியே பேசி வைத்திருந்த எங்கள் பி.டி. டீச்சரும் நின்றார்கள். மணி அடித்ததும் நான் வெளியே வந்தேன். எதிரே நிறுத்தியிருந்த பைக்கில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலை பளபளவென்று இருந்தது. கையில் சாக்லேட். வெளியே வரும் கூட்டத்தைப் பார்த்து, சாட்டில் நான் வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"தம்பி, பதினேழு வயசுன்னீங்களாமே? முடிக்கு மட்டும் முன்னாடியே ரிட்டயர்மென்ட் குடுத்துட்டீகளோ?"

"அக்கா, ஆள் மாறிப் போச்சுக்கா."

"அக்காவா? என்னைய விட அஞ்சு வயசு மூத்தவன்டா நீ!"

அவன் பைக்கைக் கிளப்புவதற்குள் டீச்சர் சாவியை உருவிவிட்டார். "அண்ணே, விட்றாதீங்க!" என்று அம்மா கத்தியதும் ஆட்டோக்காரர்கள் சுற்றி வளைத்தார்கள். நான் டீச்சருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தேன்.

ஸ்டேஷனில் ஏட்டையாவுக்கு விஷயமே பிடிபடவில்லை.

"சாட்டுன்னா என்னம்மா? போன் மாதிரியா?"

"போன்ல குரலாச்சும் கேக்கும் சார். இதுல அதுவும் இல்ல."

அவன் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் என் பள்ளிக்கூடத்தின் பெயரோடு இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்களின் பெயர்கள். ஒன்று மேலூரில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர். ஏட்டையா அதை வாசித்தபோது என் சிரிப்பு நின்றுபோனது. எனக்குச் சொன்ன அதே நாலு வரி ஆறுதலை அவர்களுக்கும் சொல்லியிருப்பான். அன்று சாயங்காலமே இரண்டு பள்ளிகளுக்கும் தகவல் போனது. அவனை உள்ளே வைத்தார்கள். அவன் மதுரைக்காரன்தான். கிதாரும் கிடையாது.

இனி கம்ப்யூட்டர் பக்கமே போக விடமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அம்மாவே கூட்டிக்கொண்டு போனாள். கேபின் கதவைத் திறந்து வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று பேச வந்தவன், தான் லண்டனில் டாக்டர் என்றான். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிந்தாள்.

"ஏன்டி, டாக்டருங்கிறான், டாக்டருக்கே ஸ்பெல்லிங் தப்பா அடிச்சிருக்கான் பாரு. எந்திரி, இவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."