ஆடியது செல்லப்பனின் கை

கையால் உழைத்து உண்ணும் என் உறவுகளே! நடுங்குகிற கையைக் கண்டால் சோம்பேறி என்கிறார்கள், கள்ளன் என்கிறார்கள். அந்தப் பழியை எதிர்த்தே இந்தத் தொண்ணூறாம் அகவையில் எழுதுகிறேன். அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு.

குளத்துச் சேற்றின் வாடை இன்னும் என் மூக்கில் நிற்கிறது...

எல்லைப் போராட்டம் கனன்ற ஆண்டுகள். பாறசாலைக்கு அருகே ஒரு குளத்தைத் தூர்வாரிக்கொண்டிருந்தோம். ஓலைக் கடவத்தில் சேற்றை நிரப்பித் தலையில் ஏற்றி, கரைமேல் கொட்ட வேண்டும். செல்லப்பனுக்கும் எனக்கும் ஒரே அகவை, ஒரே கஞ்சி, ஒரே அளவுக் கடவம். ஆனால் பத்தாம் நடையிலேயே அவன் கைகள் நடுங்கத் தொடங்கிவிடும். எனக்கோ பொழுது சாயும்வரை ஒன்றும் ஆகாது. உடல்வாகு அப்படி. ஒருநாளும் அவன் என்னைவிடக் குறைத்துச் சுமந்ததில்லை.

"எலே மக்கா, ஒனக்க கையி தாளம் போடுதே... எங்கலே கல்யாணம்?" என்போம்.

"கைதாம்லே ஆடுது. நான் ஆடல்ல ஆக்கும்!" என்பான், கடவத்தை இறக்காமலே.

ஒருநாள் விடியுமுன், எங்கள் ஊரைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்கும் தாள்களைச் சந்தைச் சுவரில் ஒட்டினேன். செல்லப்பனுக்கு மட்டும் அது தெரியும்.

உச்சிப்பொழுதில் மலையாளக் காவலர் வந்தார்கள். எங்களைக் கரையில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"கை நீட்டெடா எல்லாரும்!"

ஒட்டியவன் கை அச்சத்தில் நடுங்கும் என்பது அவர்கள் எண்ணம்.

நீட்டினேன். ஒட்டியவன் நான், அஞ்சியவனும் நான். கைகளோ கருங்கல்லாய் நின்றன. நகத்தடியில் காய்ந்திருந்த பசையைச் சேறு மறைத்துவிட்டது.

அடுத்து செல்லப்பன். பத்து விரல்களும் பதறின.

"எந்தாடா விறைக்குன்னே? பேடியோ?" ஏன் நடுங்குகிறாய், அச்சமா என்று கேட்டார் ஒருவர்.

"கைதான் ஆடுது, ஏமானே. நான் ஆடல்ல."

பழக்கத்தில் எங்களுள் ஒருவன் சிரித்துவிட்டான். தங்களை ஏளனம் செய்வதாகக் காவலர் கொதித்தார்கள். செல்லப்பனைக் கழுத்தைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் என்னை ஒருமுறை பார்த்தான்... பின்னாளில் எத்தனையோ மேடைகளில் முழங்கிய இந்த நாவுக்கு, 'நான்தான்' என்ற ஒரு சொல் அன்று வரவில்லை.

மூன்று நாள் ஒவ்வொரு வண்டி ஓசைக்கும் ஒடுங்கினேன். என் பெயரைச் சொல்லியிருப்பானோ?

சொல்லவில்லை.

நான்காம் நாள் வந்து கடவத்தைத் தூக்கினான். முதல் நடையிலேயே கைகள் நடுங்கின. யாரும் கேலி பேசவில்லை. 'நான் ஆடல்ல' என்று அவன் அதன்பின் சொல்லவும் இல்லை.

இன்று எல்லைக்கோடு உறைந்துவிட்டது. தாள் ஒட்டியவனைத் தேடி எவரும் வருவதில்லை. ஆயினும் சென்ற வாரம், காரோடு ஊர்ப் பக்கம் ஒரு பணியிடத்தில், கை நடுங்கிக் கல்லைத் தவறவிட்ட பெண்ணை, "வேல செய்ய மடி, அவ்வளவுதான்!" என்று ஏசினார் மேற்பார்வையாளர். உடன் நின்றவர்கள் மண்ணைப் பார்த்தார்கள். நான் அன்று நின்ற அதே வரிசை!

அந்த வரிசையை விட்டு வெளியே வாருங்கள்! உங்கள் அருகில் ஒரு கை நடுங்கினால், அதன் சுமையை இறக்கிவையுங்கள். 'இது களைப்பு' என்று உரக்கச் சொல்லுங்கள். நான் விழுங்கிய சொல்லை நீங்கள் சொல்லுங்கள். நாளைக்கு அல்ல... இப்போதே!