ஆறு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஒரு லைசென்ஸ்

நான் நல்ல சாரதி. இதை நானே சொல்வது தற்பெருமைதான், ஆனாலும் பொய்யில்லை. ஒஸ்லோப் பனியில் ஒன்பது வருடம் வான் ஓட்டி, ஒரு பக்கக் கண்ணாடியைக்கூட உரசியதில்லை. வயோதிபர்களைக் காலையில் வீடு வீடாக ஏற்றிப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விடுவதும், பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் இறக்குவதும் என் வேலை. அப்படிப்பட்ட என்னைத்தான் குடித்துவிட்டு வான் ஓடினேன் என்று பிடித்தார்கள்.

எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. மண்டபத்துக்குள் மேடையும் வீடியோக்காரரும் பெண்களும். வெளியே, கார்கள் நிற்குமிடத்தில், யாருடையதோ ஒரு காரின் டிக்கி திறந்திருக்கும், உள்ளே போத்தல்கள். ஆண்கள் அதைச் சுற்றி நிற்போம். வீட்டுக்குத் திரும்பும்போது சாவி மனைவியிடம் போய்விடும். குடித்துவிட்டு ஓடினால் இந்த நாட்டில் மறியலில் கம்பி எண்ணவும் நேரலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்காகவே மனைவிமாரை லைசென்ஸ் எடுக்க வைத்தோம். சட்டத்தை இவ்வளவு மதிக்கிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது.

அந்த முறை திராமன் நகரில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான பெண்ணுக்கு விழா. சனிக்கிழமை மண்டபம் கிடைக்காததால் ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். வழக்கம்போல மனைவிதான் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். திங்கள் விடிய எழும்பித் தோய்ந்து, திருநீறு பூசி, வெறும் தேநீர் குடித்துவிட்டு, லில்லெஸ்ட்ரோமில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வேலை வானை எடுத்தேன். முதல் ஆளை ஏற்றப் போகும் வழியில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது. பிறந்தநாள் பலூன் ஊதுவதுபோல நன்றாக இழுத்து ஊதினேன். அந்த இளம் பொலிஸ்காரி கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சாவியைக் கேட்டாள். இரவு குடித்தது காலையிலும் இரத்தத்தில் நின்றிருக்கிறது. ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் போயிற்று.

லைசென்ஸ் இல்லாத வான் சாரதிக்கு என்ன வேலை இருக்கிறது? அந்த நேரம் அமெரிக்காவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் ஒரு வழி சொன்னான்.

"இஞ்சை வேலைக்கு மட்டும் ஓடலாமெண்டு ஒரு லைசென்ஸ் குடுப்பினம் மச்சான். அங்கையும் கேட்டுப் பார்."

அதைப் பிடித்துக்கொண்டேன். மனைவிக்கு இந்த நாட்டு மொழியான நொஷ்க் என்னைவிட நன்றாக வரும். நான் சொல்லச் சொல்ல அவள் பொலிசுக்குக் கடிதம் எழுதினாள். பொழுதுபோக்குக்கு ஓடக் கேட்கவில்லை, வேலைக்கு மட்டும், காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரைக்கும் அனுமதி தந்தால் போதும் என்று. அந்த வரியில் அவள் பேனையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுது என்றேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத காலம் அது.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. அப்படியொரு அனுமதி எனக்குத் தர முடியாதாம். கடைசி வரியில், நான் பிடிபட்டது காலை ஆறு இருபதுக்கு என்றும், நான் கேட்டிருக்கும் நேரத்துக்குள்தான் அது அடங்குகிறது என்றும் எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நக்கலடிக்கிறார்கள் என்று கத்தினேன். மனைவி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"இரவு நான் ஓடினனான். காலமை ஆர் ஓடினது?"



அதுவரை முதுகு நோவென்று லீவில் நின்ற நான், மறுநாளே மேலாளரிடம் போய் நடந்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் புதுச் சாரதிக்கு வயோதிபர்களைத் தெரியாது. யாருக்கு எந்தக் கால் ஏலாது, யார் முன்னுக்கு இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். ஏற்றி இறக்கும் உதவியாளாக ஒரு வருடம் வரச் சொன்னார், சம்பளம் குறைவு. என் வானிலேயே பக்கத்து இருக்கையில் குந்திக்கொண்டு, ஒருவன் தேவையில்லாத இடமெல்லாம் பிரேக் போடுவதைப் பார்ப்பதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிமன்றமும் தராது.

முதல் தரிப்பு ஒரு மூதாட்டி வீடு. முழங்கால் சரியில்லை, நாக்கு மிகவும் சரி. ஏன் நீ ஓடவில்லை என்று கேட்டார். முதுகு நோவு என்று சொல்வதற்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"அன்றைக்கு என்னை ஏற்றத்தானே வந்துகொண்டிருந்தாய்?"

ஆம் என்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. பொலிசும் கடிதமும் எனக்குக் கோபத்தைத்தான் தந்திருந்தன.

வருடம் முடிந்தது. பதினெட்டு வயதுக்காரருடன் குந்தியிருந்து திரும்பச் சோதனை எழுதினேன். எழுத்திலும் ஓட்டத்திலும் முதல் தரத்திலேயே சித்தியடைந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வேலையையும் திரும்பத் தந்தார்கள். டிக்கிப் பக்கம் இப்போது நான் போவதில்லை. சாமியார் வந்துவிட்டார் என்று நண்பர்கள் பகிடி பண்ணினால், காலமை ஆர் ஓடுறது என்று மட்டும் கேட்பேன்.

திரும்பச் சாரதியாகப் போன முதல் நாள், மூதாட்டி ஊன்றுகோலுடன் வாசலில் நின்றார். இறங்கிப் போய்க் கதவைத் திறந்து கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை.

"நேற்று என்ன குடித்தாய்?"

"தேநீர்."

என் முகத்தை ஆற அமரப் பார்த்தார், பொலிஸ்காரி கருவியைப் பார்த்ததுபோல. பிறகு என் கையைப் பிடித்து ஏறினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கேட்டார். திங்கட்கிழமைகளில் இரண்டு தரம்.