சுடலைக்கண்ணுவின் கால்

சுடலைக்கண்ணு என் அம்பாசிடரை இருபத்திரண்டு வருடம் வெறுங்காலோடுதான் ஓட்டினார். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் சாவியைத் திருகுவார். ஒரு கோழிமேல்கூட வண்டி ஏறியதில்லை.

தொண்ணூற்றொன்பதில் கம்ப்யூட்டர் வைத்த புதுக் கார் வாங்கினேன். வக்கீல் வீட்டு டிரைவர் கோர்ட்டு வாசலில் வெறுங்காலோடு இறங்கினால் என் கௌரவம் என்ன ஆவது? வண்ணார்பேட்டையில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தேன்.

"கால்ல ஒண்ணும் தட்டுப்படலைய்யா" என்றார்.

"பழகிரும் வே" என்றேன்.

மூன்றாம் நாள், வீட்டுக்குள் திருப்பும்போது கார் சீறிப் பாய்ந்து காம்பவுண்டு சுவரில் மோதியது. அவர் நெற்றியில் நான்கு தையல்.

"பிரேக்கைத்தான் மிதிச்சேன்யா. வண்டி தானா பாஞ்சிட்டு" என்று அழுதார். கம்ப்யூட்டர் கோளாறு என்றது தெரு. கம்பெனி மெக்கானிக் வந்து மறுநாள் முழுக்கக் குடைந்து பார்த்தார். "வண்டியில ஒண்ணும் இல்ல சார். ஆக்சிலேட்டரைத்தான் மிதிச்சிருக்காரு."

"வயசாயிட்டு வே, போதும்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். சுடலைக்கண்ணு ஷூவைக் கழற்றி, துடைத்து, வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு போனார்.

காரை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போக மெக்கானிக் ஏறினார். ஏறியதும் தன் ஷூவைக் கழற்றினார். ஏன் என்று கேட்டேன்.

"புது வண்டில்லா சார். ஷூவோட மிதிச்சா எந்தப் பெடல் எங்கன இருக்குன்னே தெரியாது."

சுடலைக்கண்ணு இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. குற்றத்தைத் தானாக ஒப்புக்கொள்ளக் கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த வக்கீல் நான். வாயைத் திறக்கவில்லை.