தொட்டி யாரு ஊட்டு முன்னாடி?

கவுன்சிலர் வேலைங்கறது, ஊரே நம்மளைக் கும்பிட்டுக்கிட்டே ஒரு வேலையும் செய்யவிடாமப் பாத்துக்கற வேலைங்க. தொண்ணூறுகள்ல எங்க வார்டைப் பெண்களுக்குன்னு ஒதுக்கினப்ப, கோயமுத்தூர் டவுனுக்கு நடுவுல நான் போய் அதுல மாட்டினேன். வார்டோ, சங்கமோ, கோயில் கமிட்டியோ, எதுலயாவது மாட்டியிருக்கிற உங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

கொடுத்த வாக்கு

எங்க சந்து முனையில பால்வாடி. சந்துக்குப்பை மொத்தமும் அது வாசல்லதான் கொட்டுவாங்க. புள்ளைங்க அதைத் தாண்டித்தான் உள்ளே போகணும். யாராவது ஒரு புள்ளைக்கு வயித்தால போய்க்கிட்டே இருக்கும். பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரமா வரும்.

ஓட்டுக் கேக்கப் போனப்ப ரோடு, லைட்டுன்னு எதையும் அள்ளி விடலை. ஒரு குப்பைத்தொட்டி கொண்டாந்து வெக்கறேன்னு மட்டும் சொன்னேன். ஜெயிச்சதும் சிரிச்சுக்கிட்டே பால்வாடிக்குப் போனா, அங்கிருந்த ஆயா சிரிக்கவே இல்லை.

"தோத்தவிங்களும் இதையேதாஞ் சொன்னாங்க அம்மணி. வெச்சுப்போட்டு வந்து சொல்லுங்க."

மரியாதை

மாநகராட்சி ஆபீசுக்கு நடையா நடந்து ஒரு இரும்புத்தொட்டி வாங்கியாச்சு. சீக்கிரம் இடம் காட்டலைன்னா பக்கத்து வார்டுக்குப் போயிரும்னுட்டார் சானிட்டரி இன்ஸ்பெக்டர். நான் ஊடு ஊடா ஏறி இறங்கினேன்.

வேண்டாம்னு ஒருத்தர் சொல்லணுமே! நம்ம ஊர்க்காரங்களுக்கு அது வாயிலேயே வராது. உக்கார வெச்சுக் காப்பி கொடுத்தாங்க. எதுத்த ஊட்டுக்காரர் வயசுல பெரியவரு, மொதல்ல அவருக்கு வெய்யுங்கன்னார் தையல்கடைக்காரர். பெரியவரோ, தையல்கடைதான் நாலு பேரு வந்து போற இடம்னார். மளிகைக்கடைக்கார அம்மாதான் இதுல உச்சம்.

"நீங்க கொண்டாந்ததை வேண்டாம்னு சொல்லுவமுங்களா? எல்லாருக்கும் வெச்சுப்போட்டு, மிச்சமிருந்தா எங்களுக்கு வெய்யுங்க."

பொது இடம்

எனக்கும் கோவம் வந்துருச்சு. தையல்கடை ஓரமாவே வெக்கச் சொல்லிட்டேன். மறுநாள் காத்தால பாத்தா பெரியவர் ஊட்டு முன்னாடி நிக்குது. அடுத்த நாள் மளிகைக்கடைகிட்ட. இப்படியே நகந்து நகந்து ஒரு நாள் என் கேட்டுக்கு நேரா வந்து நின்னுருச்சு. தெருவுல நின்னு சத்தம் போட்டேன். தையல்கடைக்காரர் கையைக் கட்டிக்கிட்டு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. யாரு மனசும் நோகக்கூடாதுன்னு, பொதுவா ஒரு எடத்துல வெச்சுப்போட்டமுங்க."

எதிர்க்கட்சி

கவுன்சிலர் ஊட்டு வாசல்னதும் குப்பை லாரிக்காரர் தவறாம தினமும் வந்தார். பால்வாடி வாசல் பளிச்சுன்னு ஆச்சு. புள்ளைங்க சத்தம் போட்டுக்கிட்டு உள்ளே ஓடறதைப் பாத்து எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

ஆனா எங்க ஊட்டுல ஜன்னல் திறக்க முடியலை. ஒறம்பரைன்னு சொந்தக்காரங்க யாரு வந்தாலும் காப்பி பாதியிலேயே கெளம்பிர்றாங்க. ஊட்டுக்காரர் என்கிட்டப் பேசறதையே குறைச்சுக்கிட்டார். கடைசியா டிரான்ஸ்பார்மர் பக்கத்துல ஒரு காலி இடம் கண்டுபிடிச்சு, தொட்டியை அங்கே மாத்தச் சொன்னேன்.

மறுநாளே சந்து மொத்தமும் திரண்டு வந்துருச்சு. முன்னாடி நின்னது எலக்சன்ல என்கிட்டத் தோத்த எதிர்க்கட்சி அம்மா. நான் எதைக் கொண்டாந்தாலும் எதுக்கறவங்களை, அன்னிக்கு மாதிரி பணிவா நான் பாத்ததே இல்லை.

"தொட்டி கவுன்சிலர் ஊட்டு முன்னாடி இருந்தாத்தான் லாரி வருதுங்க. அதனால அடுத்த தடவையும் நீங்களே நில்லுங்க அம்மணி, நான் நிக்கறதா இல்லீங்க."

எதிர்க்கட்சியை ஜெயிக்கக் கொள்கையெல்லாம் வேண்டாமுங்க, வாசல்ல ஒரு குப்பைத்தொட்டி இருந்தாப் போதும்.