மருமகன் போட்டுத் தந்த லினக்ஸ்

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் நடந்தது இது. இடம், நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் போகிற வழியில் இருக்கும் என் அண்ணன் வீடு. அண்ணன் மகளுக்கு அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. புது மருமகனுக்கு மாமனார் வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். எங்கள் பக்கத்தில் முதல் கிறிஸ்துமஸுக்கு வரும் மருமகன் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அன்று முழுக்க வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மீன்குழம்பில் உப்பு குறைவு என்று அவர் சொன்னால், கரிக்கிற குழம்பிலும் இன்னொரு சிட்டிகை விழும்.

நான் குவைத்தில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். நாகர்கோவிலில் தனியாக இருக்கிறேன். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குத் தேர்வு எழுதும் பெண்களுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். அங்கிருந்து வாங்கி வந்த லேப்டாப் கொஞ்ச காலமாகவே என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அண்ணனிடம் சொன்னதுதான் தாமதம்.

"நீ அத இங்க கொண்டு வாட்டி. மருமகன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கப்பட்டவரு. கடைக்காரனுக்கு என்னத்துக்கு கொடுக்கப் போற?" என்றான்.

மருமகனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பையன், திருவனந்தபுரத்தில் வேலை. லேப்டாப்பைத் திறந்து பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பறக்கும், வைரஸும் வராது, முக்கியமானதை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்றார். என் கைப்பையில் எப்போதும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். வகுப்புக் குறிப்புகளையெல்லாம் அதில் காப்பி எடுத்து, கழற்றி, மேசை ஓரத்தில் வைத்தேன்.

அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் குவைத்தில் இருந்தபோதுதான் அம்மா போனாள். ஆஸ்பத்திரியில் லீவு கேட்டேன், கெஞ்சினேன். ஆள் இல்லை, மூன்று நாள் கழித்துப் போ என்றார்கள். மூன்று நாள் கழித்துப் போய் எதைப் பார்ப்பது? கல்ஃபில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், வர முடியாதவர்களுக்காக ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு அடக்க ஆராதனையை லைவ் போடுவது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. அண்ணனும் ஏற்பாடு செய்திருந்தான். நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பாட்டு முடிந்து, கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் வரிசையாக வரலாம் என்று போதகர் சொன்னார். அதோடு படம் நின்றது. மறுபடி வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

லைவ்தான் நின்றுபோனதே தவிர, ஸ்டூடியோக்காரர் கேமராவில் எல்லாவற்றையும் எடுத்திருந்தார். அண்ணன் அதை இந்த ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, குவைத்துக்குத் திரும்பிய ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டான். அந்த ஒரு காப்பிதான். எங்கள் ஊரில் துக்க வீடியோவை வீட்டில் வைக்க மாட்டார்கள். நேரில் நின்று பார்த்தவர்களுக்கு அது வேண்டாம். வராதவர்களுக்காக எடுப்பது, அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால் முடிந்தது. போதாததற்கு அண்ணன் வீட்டில் கல்யாண வயதில் பெண் வேறு இருந்தாள்.

நான் அதைப் பார்க்கவில்லை. பல தடவை லேப்டாப்பில் சொருகியிருக்கிறேன், வீடியோவின் பெயர் மேல் விரலைக் கொண்டுபோயிருக்கிறேன், மூடிவிட்டிருக்கிறேன். தைரியம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஆனால் அது என் பையில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய பலம். அம்மாவின் முகத்தை நான் இன்னும் கடைசியாகப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

சாப்பாட்டுக்கு முன்பே மருமகன் வேலையைத் தொடங்கிவிட்டார். லினக்ஸ் வைத்திருந்த தன் பென் டிரைவைச் சொருகினார், லினக்ஸ் திரை வந்தது, மொழி கேட்டது, ஊர் கேட்டது. எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்கிற இடம் வந்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. லேப்டாப்புக்குள் டிஸ்க் என்று ஒன்று இருப்பதாகவே அது காட்டவில்லை. அவர் அணைத்துப் போட்டார். பென் டிரைவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். போனில் தேடிப் பார்த்து, லேப்டாப் தொடங்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் வருமே, பயாஸ் என்கிற நீலப் பக்கம், அதற்குள் போய் எதையெதையோ மாற்றினார். திரும்ப வந்தால் திரும்பவும் காலி.

அண்ணன் வீட்டில் விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். மருமகனின் காதோரம் வியர்த்துவிட்டது. இந்த இடத்தில் வேறு யாராவது என்றால், 'எனக்குத் தெரியவில்லை, கடையில் காட்டுவோம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் கிறிஸ்துமஸுக்கு வந்த மருமகன் அப்படிச் சொல்ல முடியுமா? மாமனார்தான் அதைக் காதில் வாங்குவாரா?

மதினி கூப்பிட்டாள் என்று நான் அடுக்களைக்குப் போனேன். மருமகன் மறுபடி பயாஸுக்குள் போய்விட்டு, அது திரும்ப ஆன் ஆகிற நேரத்தில் கை கழுவப் போயிருக்கிறார். அப்போது அண்ணன், மேசையில் ஒரு ஒயர் சும்மா கிடக்கிறதே, அதைச் சொருகாததால்தான் வரவில்லை போலிருக்கிறது என்று, என் ஹார்ட் டிஸ்க்கின் ஒயரை எடுத்து லேப்டாப்பில் சொருகிவிட்டான். மருமகன் வந்து பார்த்தபோது திரையில் ஒரு டிஸ்க் நின்றது. லேப்டாப்பில் உள்ளதும் ஒரு டெராபைட், என்னுடையதும் ஒரு டெராபைட். தான் செய்த ஏதோ ஒரு மாற்றம் பலித்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். 'டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்பதை அழுத்தினார். அடுக்களை வரை கைதட்டல் கேட்டது.

"வந்தாச்சு, வந்தாச்சு! நான் அப்பமே சொன்னேம்லா, மருமகன் விடமாட்டாருன்னு" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாயசக் கிண்ணத்தோடு நான் வந்தபோது ஹார்ட் டிஸ்க்கின் சின்ன விளக்கு நிற்காமல் மினுங்கிக்கொண்டிருந்தது. "இது என்னத்துக்கு மின்னுது?" என்று கேட்டேன். "அது சும்மா ஆன்ட்டி, கரண்டு போறதால" என்றார் மருமகன். நான் நம்பினேன். கம்பெனியில் வேலை பார்க்கிறவர் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? பாயசத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கிற வரை நின்றேன். எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது அதுதான்.

எல்லாம் முடிந்ததென்று லேப்டாப்பை அணைத்தார். நான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். மறுபடி ஆன் செய்தால், பழைய விண்டோஸ் அதே வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. என் வகுப்புக் குறிப்புகள் ஒன்றுவிடாமல் அங்கேயே இருந்தன. எல்லாரும் சிரித்தார்கள். மருமகன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் பையைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, அந்த ஹார்ட் டிஸ்க்ல முக்கியமா எதும் இருந்துதா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கத்தினேன் என்று மதினி பிறகு சொன்னாள். அண்ணன் என்னைக் கையைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

"ஏட்டி, மெதுவா பேசு. மொத மொத வந்திருக்காரு, சங்கடப்படுவாரு. சாவு வீடியோதானே? இத்தன வருசம் கையில வச்சிருந்தியே, ஒரு நாளாவது பாத்தியா?"

பார்க்கவில்லைதான். அவன் அம்மாவின் முகத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தவன், அவனுக்கு அது சாவு வீடியோ. அன்றைக்கு அந்த வீட்டில் எனக்காக வருத்தப்பட ஒருவருக்கும் நேரமில்லை. எல்லாரும் மருமகனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆட்டோ பிடித்துத் தந்தார்கள், கூடவே ஒரு டப்பாவில் கேக்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் என்னை உட்காரச் சொன்னார். "துக்க வீடியோ நாங்க வச்சிருக்க மாட்டோம் அக்கா. ஒங்க அண்ணன் அன்னைக்கே அழிக்கச் சொல்லிட்டாரு" என்றார். கல்யாண வீடியோ என்றால் பத்து வருடம் வைத்திருப்பார்களாம்.

அதன் பிறகு நாகர்கோவிலில் அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு கடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தேன். மேலே புதிதாக எழுதியாகிவிட்டது, கிடைக்கிறது கிடைக்கட்டும் என்றார்கள். அந்த வாரத்தில் மருமகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. காரணம் கண்டுபிடித்துவிட்டாராம். பயாஸில் டிஸ்க்கைப் பற்றிய ஒரு அமைப்பு வேறு மாதிரி இருந்ததால், உள்ளே இருந்த டிஸ்க் லினக்ஸின் கண்ணுக்குத் தெரியவில்லையாம். அந்த ஒன்றை மாற்றினால் போதுமாம், அடுத்த தடவை வரும்போது போட்டுத் தருகிறாராம். கடைசியில் ஒரு கட்டைவிரல் படம். பதில் போடவில்லை. லேப்டாப் இன்றும் அதே விண்டோஸில்தான் தவழ்கிறது.

கடையிலிருந்து ஒரு பென் டிரைவ் தந்தார்கள். அதில் குவைத்தில் நாங்கள் பிக்னிக் போன படங்கள் இருந்தன, யாரோ எனக்கு அனுப்பிய பிறந்தநாள் பாட்டு இருந்தது. வீடியோ உடைந்துபோயிருந்தது. முகம் பார்க்கிற வரிசை இல்லை, அம்மா இல்லை. சில நொடிகள் ஓடுகிற ஒரே ஒரு துண்டு மட்டும் கிடைத்தது. கல்லறைத் தோட்டம், மழை, கறுப்புக் குடைகளின் முதுகுகள். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு பெண்ணின் குரல், யாரென்று தெரியவில்லை, தெளிவாகக் கேட்கிறது.

"அவளுக்க மவ வரல்லியா?"

அதற்கு யாரோ பதில் சொல்ல வாயெடுக்கிற இடத்தில் துண்டு முடிந்துவிடுகிறது. தைரியம் வரட்டும் என்று நான் காத்திருந்ததெல்லாம் போய், பார்க்கவும் கேட்கவும் எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்விதான். யார் கைக்கும் எட்டாமல், அதற்கு மட்டும் இரண்டு காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.